வேதாகமமும் மோர்மன் நூலும்

வேதாகமம் சொல்லும் எசேக்கியா ராஜா எருசலேமில் வெட்டிய நீர்ச்சுரங்கத்தில் இன்றும் இறங்கி நடக்கலாம். சவக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த பழங்கால ஏசாயா சுருளைப் படிக்கலாம். மோர்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1830-இல் வெளியிட்ட, அச்சபையார் வேதமாக ஏற்கும் மோர்மன் நூலுக்கு ஆதாரமான பொன் தகடுகளையோ தேவதூதன் திரும்ப எடுத்துக்கொண்டானாம்.

என்னை அதைவிட உறுத்துவது இரட்சிப்பைப் பற்றிய போதனை. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்கிறது எபேசியர் 2:8. நம்மால் இயன்ற அனைத்தையும் செய்த பின் கிருபையால் இரட்சிக்கப்படுகிறோம் என்கிறது மோர்மன் நூலின் 2 நேபி 25:23. மோர்மன் குடும்பங்களின் ஒழுக்கத்தையும் உழைப்பையும் மனமார மதிக்கிறேன். அதனாலேயே இந்த வரி வலிக்கிறது. இயன்றதெல்லாம் செய்தாயிற்று என்று எந்த மனிதன் நெஞ்சில் கைவைத்துச் சொல்வான்? இயேசுவின் அருகே சிலுவையில் தொங்கிய கள்ளன் எதையும் செய்து முடிக்கவில்லை. ஆண்டவரை நோக்கிக் கேட்டான், அன்றைக்கே பரதீசைப் பெற்றான்.