திருச்சி–சிங்கப்பூர் "நாலே கால் மணி நேரம்"னு சொல்லி வித்த டிக்கெட். 14,350 ரூபாய் போச்சு!

முந்தாநாள் நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கலை, கோர்வையா வராது. டிக்கெட் எடுக்கும்போது என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா எழுதுறேன்.

தங்கச்சிக்குச் சிங்கப்பூர்ல பிரசவம். அம்மாவை அனுப்ப, எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிராவல்ஸ் கடையில டிக்கெட் போட்டேன். அம்மாவுக்கு 63 வயசு, முதல் விமானப் பயணம். நேரா போறதுதான் வேணும்னு மூணு தடவை சொன்னேன். கடைக்காரர் போன்ல ரெண்டு ஊர் பேரையும் தட்டி என் பக்கம் திருப்பினார். தூரம் சுமார் 3,000 கிலோமீட்டர், பறக்கும் நேரம் நாலே கால் மணி. "பாருங்கண்ணே, ராத்திரி ஏத்திவிட்டா காலைல தங்கச்சி வீட்டுல காபி." அந்தத் திரையை நம்பித்தான் பணத்தை எண்ணி வச்சேன். அது ரெண்டு ஊருக்கு நடுவுல உள்ள கணக்கு. அவர் போட்ட டிக்கெட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

டிக்கெட் வாட்ஸப்ல வந்ததே கிளம்புற அன்னைக்குச் சாயங்காலம். கோலாலம்பூர்னு இருக்கேன்னு போன் போட்டா, "அங்க சும்மா நின்னு போகும்ணே, அம்மா சீட்டை விட்டு எந்திரிக்கவே வேணாம்." அதையும் நம்பினேன்.

திருச்சி–கோலாலம்பூர், கோலாலம்பூர்–சிங்கப்பூர் ரெண்டும் தனித்தனி டிக்கெட், தனித்தனி கம்பெனி! நடுராத்திரி 12:10-க்குக் கிளம்பி அவங்க நேரம் காலை 6:40-க்கு இறங்கணும், அடுத்தது 8:30. (மலேசியா, சிங்கப்பூர் ரெண்டும் நம்மைவிட ரெண்டரை மணி முன்னால.) பெட்டிக்குத் திருச்சியில ஒட்டின சீட்டு கோலாலம்பூர் வரைக்கும்தான். அப்படின்னா அந்த நாட்டுக்குள்ளயே நுழைஞ்சு பெட்டியை எடுத்து, ரயில் ஏறி இன்னொரு டெர்மினலுக்குப் போய், முதல்ல இருந்து செக்-இன் பண்ணணும். மலேசியாவுக்கு விசா வேண்டாம், ஆனா முன்னாடியே ஆன்லைன்ல வருகை அட்டை போட்டிருக்கணும். அதையும் அந்த ஆள் போடலை, சொல்லவும் இல்லை. இமிகிரேஷன்ல அம்மாவை ஓரமா நிறுத்திட்டாங்க. வெளியே வந்தப்ப மணி எட்டு. கவுன்ட்டர் ஏழரைக்கே மூடியாச்சு.

பிரசவ லேகிய டப்பாவைச் சுத்திவச்ச மஞ்சப்பையை மடியில வச்சுக்கிட்டு, ஒரு தமிழ்ப் பையனோட போனை வாங்கி அம்மா பேசினாங்க. "தம்பி, என்னை இங்கயே விட்டுட்டுப் போயிட்டாங்கடா."

தங்கச்சி ஒன்பது மாசத்துல உக்காந்து புது டிக்கெட் போட்டா. கோலாலம்பூர்–சிங்கப்பூர் ஒரு மணி நேரப் பறப்புக்கு 14,350 ரூபாய். அம்மா போய்ச் சேர்ந்தப்ப சாயங்காலம் அஞ்சு.

கடைக்குப் போனா முதல்ல "ஏர்லைன்காரன் தப்பு." அப்புறம் "ஓனர் வெளியூர்ல இருக்காரு." நேத்து என்ன சொன்னாங்க தெரியுமா? "அம்மா கொஞ்சம் வேகமா நடந்திருக்கலாம்ணே." 63 வயசுப் பொம்பளை, மூட்டுவலிக்காரி! இப்ப வாட்ஸப்ல நீல டிக் மட்டும் விழுது, பதில் இல்லை. 14,350 ரூபாய் எனக்கு ஒரு மாசச் சம்பளத்துல பாதி.

விவரமா எழுத இப்ப முடியலை. டிக்கெட்ல பிஎன்ஆர் (புக்கிங் நம்பர்) ஒண்ணா ரெண்டான்னு பாருங்க. ரெண்டு இருந்தா எடுக்காதீங்க. பெட்டி எந்த ஊர் வரைக்கும் போகும்னு எழுதி வாங்குங்க. டிக்கெட்டைக் கண்ணால பார்க்காம முழுப் பணம் கொடுக்காதீங்க.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் கொடுக்கப் போறேன். நாளைக்குக் கடை திறக்கிறப்ப வாசல்ல நிப்பேன்.