ஆல்ஃபா கோர்ஸ்: பதினோரு வாரமும் ஒரு பந்தியும்

பக்கத்து வீட்டுக்காரருக்கு இயேசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஆனால் கைப்பிரதியை நீட்டிவிட்டு நடையைக் கட்ட மனசு வரவில்லை, அவரோடு உட்கார்ந்து அவர் கேட்பதையும் கேட்க வேண்டும் என்று நினைக்கிற சபைகள் இன்று பலவும், சாப்பாடு, வீடியோ, கலந்துரையாடல் என்று பதினோரு வாரம் கிறிஸ்தவ விசுவாசத்தை அறிமுகப்படுத்தும் ஆல்ஃபா கோர்ஸை எடுத்துப் பார்க்கின்றன. நல்ல கருவிதான். ஆனால் அதன் பலம் வீடியோவில் இருப்பதாக நினைத்து எடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

லண்டனில் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் என்ற ஆங்கிலிக்கன் ஆலயத்தில், 1977-இல், சார்ல்ஸ் மார்ன்ஹாம் என்ற உதவிப் போதகர் புது விசுவாசிகளுக்காகத் தொடங்கியது இது. 1990-இல் பொறுப்புக்கு வந்த நிக்கி கம்பெல், சபைப் பக்கமே வராதவர்கள் இதில் ஆர்வமாக உட்காருவதைப் பார்த்தார். அவர்களுக்கு ஏற்றபடி வரவேற்பையும் பாடங்களையும் கலந்துரையாடலையும் மாற்றி அமைத்தார். இன்று கத்தோலிக்கர்களும் பெந்தெகொஸ்தே சபையாரும்கூட இதை நடத்துகிறார்கள். இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம் உண்டு. விசுவாசிகளுக்காகப் பிறந்த பாடம் என்ற தடம் இதில் இன்னும் அழியவில்லை. முதல் மூன்று அமர்வுகள் வாழ்க்கை, இயேசு, சிலுவை என்று போகும். நான்காவது விசுவாசம். ஐந்தாவதும் ஆறாவதும் ஜெபம் எப்படி, வேதம் வாசிப்பது எப்படி என்பவை. "நான் இன்னும் நம்பவே இல்லையே, அதுக்குள்ள ஜெபமா?" என்று ஒருவர் ஐந்தாம் வாரத்தில் கேட்டால் தவறு அவருடையதல்ல. அந்த இடத்தில் அவசரப்படாமல் இன்னொரு வாரம் நின்று பேசுங்கள். பாடம் ஓடிவிடாது.

பாடங்கள், வீடியோக்கள், தலைவர்களுக்கான பயிற்சி எல்லாம் பதிவு செய்துகொண்டால் இலவசமாகவே கிடைக்கின்றன. செலவு சாப்பாட்டுக்குத்தான். அந்தச் செலவைக் குறைக்க வேண்டாம் என்பதே எங்கள் முதல் ஆலோசனை.

ஒரு மாலை இப்படிப் போகும்: ஆறரைக்கு வரவேற்பும் சாப்பாடும், ஏழேகாலுக்கு அரைமணி நேரப் பேச்சு அல்லது வீடியோ, பிறகு டீயோடு முக்கால் மணி நேரக் கலந்துரையாடல், எட்டே முக்காலுக்கு முடிவு. முடிக்கிற நேரத்தைக் கட்டாயம் காப்பாற்றுங்கள். முதல் வாரம் ஒன்பதரை வரை இழுத்தால், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடியவர் அடுத்த வாரம் வரமாட்டார். காரணம் கேட்டால் "வேலை இருந்துச்சு" என்பார்.

சாப்பாட்டை பிஸ்கட்டும் டீயுமாகச் சுருக்குவதுதான் சபைகள் செய்கிற பெரிய பிழை. முன்பின் தெரியாதவர்கள் ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறிச் சாப்பிட்ட பிறகு பேசுகிற பேச்சு வேறு, நாற்காலியில் உட்கார்ந்ததும் பேசுகிற பேச்சு வேறு. முப்பது பேருக்கு சாம்பார் சாதம் என்றால் இரண்டரை கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, மூன்று கிலோ காய் போதும். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கும் அப்பளமும். இறக்கும்போது கொஞ்சம் தளரவே இறக்குங்கள். அரைமணியில் இறுகிவிடும் என்பதால் பக்கத்தில் இரண்டு லிட்டர் வெந்நீர் இருக்கட்டும். டீக்கு இரண்டரை லிட்டர் பால், ஒன்றரை லிட்டர் தண்ணீர், எண்பது கிராம் தூள். சைவமாகவே வைத்தால் யாரும் கேட்டுச் சாப்பிட வேண்டிய நிலை வராது. சமையலுக்கு மூன்று பேரைத் தனியாக வையுங்கள். குழுத் தலைவர் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தால் விருந்தாளி தனியாகச் சாப்பிடுவார். தலைவரின் வேலை அவர் பக்கத்தில் இலை போட்டு உட்காருவது.

இனி குழு. இந்தக் கோர்ஸின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு வட்டத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம்: இரண்டு தலைவர்கள், ஒன்றிரண்டு உதவியாளர்கள், மற்றவர்கள் விருந்தாளிகள். கலந்துரையாடலுக்கு நடுவில் மேசை போடாதீர்கள், நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். ஸ்பீக்கரையும் ஃபேன் சத்தத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். தலைவருக்குக் கடினமான பயிற்சி ஒன்றே ஒன்று: பதில் சொல்லாமல் இருப்பது. ஒருவர் "எல்லா சாமியும் ஒண்ணுதானே, ஏன் இவரை மட்டும் சொல்றீங்க?" என்று கேட்கிறார். வசனம் நாக்கின் நுனிக்கு வந்துவிடும். அதை விழுங்கிவிட்டு, "நல்ல கேள்வி. மத்தவங்க என்ன நினைக்கிறீங்க?" என்று வட்டத்தைப் பார்க்க வேண்டும். பத்து விநாடி மௌனம் வரும். அதைத் தலைவரே உடைத்தால் அன்றைக்குக் குழு முடிந்தது, மீதி நேரம் பிரசங்கம்தான். பொறுத்தால், மூன்றாவது ஆள் வாய் திறப்பார். பெரும்பாலும் அவர் சொல்வது கேள்விக்கு நேர் பதிலாக இருக்காது. "எங்கம்மா சாகறப்ப எந்தச் சாமியும் வரலீங்க" என்பதுபோல ஒன்று வரும். உண்மையான உரையாடல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அப்போது ரோமர் நிருபத்தைத் திறக்காதீர்கள். அம்மாவைப் பற்றிக் கேளுங்கள்.

குழுவைக் கெடுப்பது பெரும்பாலும் அவிசுவாசி அல்ல, சபையார்தான். "சும்மா பார்க்க வந்தோம்" என்று நாலு விசுவாசிகள் வட்டத்தில் உட்கார்ந்தால் எல்லாக் கேள்விக்கும் அவர்களே பதில் சொல்வார்கள், அதுவும் சபைத் தமிழில். "பாரம்", "அபிஷேகம்", "இரட்சிக்கப்பட்ட நாள்", "ஆத்தும ஆதாயம்" என்ற வார்த்தைகள் காதில் விழுந்ததும் புதியவர் தான் வெளியாள் என்று உணர்ந்துவிடுவார். ஒரு குழுவில் பாதிக்கு மேல் விருந்தாளிகள் இல்லாவிட்டால் அந்தக் குழுவைத் தொடங்கவே வேண்டாம். சிறு குழுவாக நடத்தினால், கூட்டங்களில் வழக்கமாகப் பாடும் பாட்டையும் விட்டுவிடலாம். ஆறு பேர் நடுவில் வாயசைத்துக்கொண்டு நிற்பதுபோல் சங்கடம் வேறில்லை.

நடுவில் பரிசுத்த ஆவியானவரைப் பற்றிய பாடங்கள் ஒரு வாரயிறுதியாக அல்லது ஒரு முழு நாளாக வரும். அதிகம் விமர்சிக்கப்படும் பகுதி இதுதான், மிகக் கவனமாகக் கையாள வேண்டியதும் இதுதான். அன்று ஜெபவேளை உண்டு என்பதை ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். வர விரும்பாதவருக்கு வழி திறந்திருக்கட்டும், உண்மையிலேயே கதவு திறந்திருக்கட்டும். "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று கேட்டு, சரி என்ற பிறகே ஜெபியுங்கள். பெண்களுக்குப் பெண்கள், ஆண்களுக்கு ஆண்கள், எப்போதும் இரண்டு பேராக. தலையில் கைவைக்கவும் அனுமதி கேளுங்கள். தள்ளுவது, காதில் கத்துவது, அந்நியபாஷையை (ஆவியானவரின் ஏவுதலால் பேசுவதாகக் கருதும், கற்றறியாத மொழியை) சொல்லிக்கொடுத்து வரவழைப்பது எதுவும் கூடாது. குணமாக்குதல் பற்றிய அமர்வில் ஒரு வாக்கியத்தை மேடையிலிருந்தே தெளிவாகச் சொல்லுங்கள்: டாக்டர் தந்த மாத்திரையை யாரும் நிறுத்தக் கூடாது.

ஆல்ஃபாவில் நமக்குக் குறைவது எது? வீடியோவின் முதல் கேள்வி, வாழ்க்கை என்றால் இவ்வளவுதானா என்பது. எல்லாம் இருந்தும் வெறுமையாக உணர்கிற, கிறிஸ்தவப் பின்னணியை விட்டு விலகிய ஐரோப்பியரின் கேள்வி அது. கோயிலும் நோன்பும் நிறைந்த வீட்டிலிருந்து வருகிறவருக்கு வெறுமை பிரச்சினையல்ல. அவர் கேட்பது வேறு: ஞானஸ்நானம் எடுத்தால் என் தங்கச்சி கல்யாணம் என்னாகும்? பொங்கல் வைக்கலாமா? உங்கள் சபையிலும் சாதி பார்க்கிறார்களே? இவற்றுக்கென்று ஆல்ஃபாவில் தனி அமர்வு கிடையாது. ஆகவே வீடியோவை அப்படியே போடுவதைவிட, பாடத்தின் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளூர்க்காரர் ஒருவர் இருபத்தைந்து நிமிடம் தமிழில் பேசுவது நல்லது. ஆல்ஃபா அதற்கு இடம் கொடுக்கிறது. சாதிக் கேள்வி வந்தால் சபைக்காக வாதாடாதீர்கள். "ஆமா, இருக்குது. தப்பு" என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் நடத்துகிறவர்கள் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அதில் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று ஸ்டெயினிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1977-இல், ஆல்ஃபா தொடங்கிய அதே ஆண்டு. ஆசை காட்டியோ கட்டாயப்படுத்தியோ செய்யும் மதமாற்றத்தைக் குற்றமாக்கும் சட்டம் ஒடிசாவில் 1967-லேயே வந்துவிட்டது, மத்தியப் பிரதேசத்தில் 1968-இல். சட்டத்துக்குப் பயந்து மட்டுமல்ல, அன்பே அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதற்காகவும், எந்த உதவியையும் வருகையோடு முடிச்சுப் போடாதீர்கள். விருந்தாளியின் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தால் டிபன் கேரியரோடு போங்கள். கோர்ஸுக்கு வருவதை நிறுத்திவிட்டவர் வீடு என்றாலும் போங்கள். அங்கே கோர்ஸைப் பற்றிப் பேச வேண்டாம். விருந்தாளிகளைப் படம் எடுத்து ஊழிய அறிக்கையில் போடுவதும் கூடாது. அந்தப் படம் அவர் மாமனார் கைக்குப் போனால் விளைவை அனுபவிப்பவர் அவர்தான்.

மூன்றாம் வாரத்துக்குள் சிலர் நின்றுவிடுவார்கள். நலம் விசாரித்து ஒரே ஒரு போன் போதும், "ஏன் வரல?" என்ற கேள்வி வேண்டாம். பதினோராம் வாரம் முடிந்ததும் என்ன என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். வாராவாரம் சேர்ந்து சாப்பிட்ட குழுவைக் கலைத்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்துடுங்க" என்று இருநூறு பேர் நடுவில் அனுப்பினால் இரண்டு வாரத்தில் காணாமல் போவார்கள். அதே குழு, அதே தலைவர்கள், மாதம் இருமுறை ஏதாவது ஒரு வீட்டில் கூடட்டும். ஞானஸ்நானம் கேட்டவரும் வரட்டும், இன்னும் நம்பாதவரும் வரட்டும், சாம்பார் சாதத்துக்காக மட்டும் வருகிறவரும் வரட்டும். அடுத்த கோர்ஸுக்கு அந்தத் தலைவர்களை எடுத்துவிடாதீர்கள், வேறு ஆட்களைப் பயிற்றுவியுங்கள்.