ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு மரபணுச் சோதனைக் கணக்கு

மரபணுச் சோதனைக் கிட் பாதி விலைக்கு வந்திருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். கலிபோர்னியாவில் வசிக்கும் நான், ஆறு ஆண்டுகளாக இத்தகைய நிறுவனம் ஒன்றின் (பெயர் வேண்டாம்) வாடிக்கையாளன்.

மரபணுவை ஒப்பிட்டு உறவினரைக் கண்டுபிடித்துத் தரும் வசதியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தொடர்பே அற்றுப்போயிருந்த என் தாத்தாவுடைய தம்பியின் பேத்தி டொராண்டோவில் இருப்பதை அதுதான் காட்டியது. இன்றும் பொங்கலுக்குப் பேசிக்கொள்கிறோம்.

என் எரிச்சலும் அதே வசதியின் மீதுதான். 2023இல் 23அண்ட்மீ என்னும் மரபணுச் சோதனை நிறுவனத்தில், வேறு தளங்களில் கசிந்த கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்தே சுமார் 14,000 கணக்குகளுக்குள் இணையத் திருடர்கள் நுழைந்தார்கள். உறவினர் பட்டியல் வழியாக ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியேறின. நான் எவ்வளவு நீளமான கடவுச்சொல் வைத்தாலும், முகம் தெரியாத ஒன்றுவிட்ட உறவினர் எல்லாத் தளங்களுக்கும் ஒரே சொல்லை வைத்திருந்தால் என் பெயரும் அவரோடு போய்விடும். அதற்காக அவரைத் திட்டவும் முடியாது, சொந்தமாயிற்றே.

2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோருவதற்குச் சற்று முன், தரவை அழித்துவிடும் உரிமை வாடிக்கையாளர்களுக்கு உண்டு என்று கலிபோர்னிய அரசின் தலைமை வழக்கறிஞர் நினைவூட்டினார். பிறகு அதன் இணை நிறுவனர் ஒருவரே நடத்தும் லாபநோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு அதை வாங்கியது. நானும் அந்த மார்ச்சிலேயே என் கணக்கை அழிக்க உட்கார்ந்தேன். பிறந்த தேதியைக் கேட்டார்கள், கொடுத்தேன். உறுதிசெய்யும் இணைப்பு மின்னஞ்சலில் வரும் என்றார்கள். அது விளம்பரப் பகுதியில், அவர்களுடைய தள்ளுபடி அறிவிப்புகள் இரண்டுக்கு நடுவே கிடந்தது. அதை அழுத்தாதவரை எதுவும் அழியாது. சோதனைக்காக நான் அனுப்பிய உமிழ்நீர்க் குழாயைச் சேமித்து வைக்க அன்று கொடுத்த சம்மதத்தையோ வேறொரு பக்கத்தில் தேடித்தான் திரும்பப் பெற வேண்டியிருந்தது. ஏற்கெனவே முடிந்த ஆய்வுகளில் சேர்ந்துவிட்ட தரவை மீட்க வழியில்லை. மரபணுவைக் காட்டி மருத்துவக் காப்பீட்டையோ வேலையையோ மறுக்கக் கூடாது என்னும் 2008ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமும் ஆயுள் காப்பீட்டைத் தொடவில்லை.

ஆகவே நண்பரே, பாதி விலை என்ன, இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நான் அந்த இணைப்பை அன்று அழுத்தவில்லை. இன்றுவரை கணக்கு அப்படியே இருக்கிறது. அம்மா வழியில் இன்னார் என்று தெரியாத நான்கு பேர் பட்டியலில் மிச்சமிருக்கிறார்கள்.