நாட்மச்சா மியூவா: டேக்கை எங்க வைக்கிறோம்ங்கிறதுல தான் இருக்கு

லேப்டாப் மாத்தினப்போ நடந்ததுல இருந்து ஆரம்பிக்கிறேன். மெயில் ஃபோல்டரை ஆர்சிங்க்ங்கிற காப்பி எடுக்கிற கமாண்ட் போட்டு புது மெஷினுக்கு கொண்டு போனேன், அந்த ஸ்க்ரிப்ட்ல புள்ளியில ஆரம்பிக்கிற டைரக்டரி எதுவும் வேணாம்னு ஒரு வரி இருந்துச்சு. நாட்மச்ங்கிறது மெயிலை தேடவும் அதுக்கு டேக்னு அடையாள வார்த்தை போடவும் உதவுற புரோகிராம், புது மெஷின்ல மெயிலை அதுல சேர்க்கிற நாட்மச் நியூ கமாண்டை ஓட்டினேன், மெயில் ஒண்ணு குறையாம வந்துருச்சு, ஆனா நாலு வருஷமா உக்காந்து போட்ட டேக் ஒண்ணுகூட இல்ல, எல்லா மெயிலும் மொத்தமா இன்பாக்ஸ் டேக்கோட நிக்குது. படிச்சது எது படிக்காதது எதுங்கிறது மட்டும் தப்பிச்சுது, ஏன்னா மெயில்டிர்ல, அதாவது ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல்னு வைக்கிற முறையில, அந்த விவரம் ஃபைல் பேரோட கடைசியிலயே ஒட்டிக்கிட்டு இருக்கும். மத்ததெல்லாம் மெயில் ஃபோல்டருக்குள்ள இருக்கிற புள்ளி நாட்மச் டைரக்டரியில தான் இருந்துச்சு, அதை நானே விட்டுட்டு வந்துட்டேன்.

பழைய டிஸ்க்கை அதுக்குள்ள அழிச்சாச்சு. அதனால அடுத்த ரெண்டு வாரம் நாட்மச்சையும் அதே மாதிரி வேலை செய்ற மியூவையும் ஒரே மெயில் குவியல் மேல பக்கத்து பக்கத்துல ஓட்டி பாத்தேன். டெர்மினல்ல மெயில் தேடுறவங்க, டேக் போடுறவங்க யாராவது எதை எடுக்கலாம்னு யோசிச்சா உதவும்னு எழுதுறேன்.

ரெண்டும் எந்த விஷயத்துல ஒண்ணுன்னு முதல்ல சொல்லிடுறேன். ரெண்டுமே மெயிலை சர்வர்ல இருந்து எடுக்காது, அனுப்பாது. எம்பிசிங்க் இல்லன்னா ஆஃப்லைன்ஐமேப் மாதிரி மெயில் இறக்குற புரோகிராம் வச்சு மெயிலை மெயில்டிரா இறக்கி வச்சா அதுமேல இன்டெக்ஸ் போட்டு தேடி தரும், அவ்வளவுதான். உள்ள ரெண்டுக்கும் தேடுற இன்ஜின் ஒண்ணுதான், ஸேப்பியன். மெயிலை பிரிச்சு படிக்கிற லைப்ரரியும் ஒண்ணுதான், ஜிமைம். அதனால எது வேகம்னு சண்டை போடுறதுல பெருசா அர்த்தமில்ல, என் மெஷின்ல ரெண்டும் கண் இமைக்கிறதுக்குள்ள பதில் தருது. நாட்மச்சை 2009ல கார்ல் வொர்த் ஆரம்பிச்சார், கைரோ கிராஃபிக்ஸ் லைப்ரரி எழுதினவர். ரூபியில இருந்த சப் ங்கிற மெயில் புரோகிராமோட ஐடியாவை எடுத்து வேகமா இருக்கணும்னு சி லைப்ரரியா பண்ணார், இப்போ டேவிட் ப்ரெம்னர் பாத்துக்கிறார். மியூ டிர்க்-யான் பின்னேமா எழுதினது, ஈமேக்ஸ்ங்கிற எடிட்டருக்குள்ள ஓடுற அதோட முகம் தான் எல்லாரும் சொல்ற மியூ ஃபோர் ஈ.

இப்போ வித்தியாசத்துக்கு வரேன்.

நாட்மச்ல டேக் எல்லாம் டேட்டாபேஸ்ல இருக்கும், மெயில் ஃபைலோட உள்ளடக்கத்தை அது தொடவே தொடாது. அதிகபட்சம் படிச்சது, பதில் போட்டது, ஸ்டார் போட்டது மாதிரி நாலஞ்சு டேக்கை மட்டும் மெயில்டிர் ஃபிளாகா ஃபைல் பேர்ல எழுதும், அதையும் கான்ஃபிக்ல நிறுத்தலாம். மியூவோட டேக் வழி வேற, அது மெயிலோட ஹெடர்ல (மெயிலுக்கு மேல வர்ற விவர வரிகள்) இருக்கிற எக்ஸ் கீவேர்ட்ஸ், எக்ஸ் லேபிள் வரிகளை படிச்சு அதை டேக்கா எடுத்துக்கும், மியூ ஃபோர் ஈ ல இருந்து டேக் மாத்தினா அந்த மெயில் ஃபைலுக்குள்ளயே ஹெடரை மாத்தி எழுதிடும். கேட்கும்போது மியூ வழி நல்லாருக்கேன்னு தோணும், எனக்கும் தோணுச்சு, டேட்டாபேஸ் போனாலும் டேக் மெயிலோடவே வரும் இல்லையா, என் கஷ்டம் எனக்கு வந்துருக்காது. ஆனா ஐமேப்ல, அதாவது சர்வர்ல இருக்கிற மெயிலை எடுத்து பாக்கிற முறையில, ஒரு மெயில் சர்வருக்கு போனதுக்கு அப்புறம் அதோட உள்ளடக்கத்தை மாத்த வழியில்ல, அதனால நம்ம மெஷின்ல எழுதின ஹெடர் சர்வருக்கு போகாது, இங்க இருக்கிற காப்பியும் அங்க இருக்கிற காப்பியும் அன்னையில இருந்து வேற வேற ஃபைல். அந்த ஃபோல்டரை மறுபடி சர்வர்ல இருந்து புதுசா இறக்கினா டேக் போச்சு. பழைய மெயில் ஃபைலை திறந்து எழுதுறதுங்கிறதே எனக்கு மனசு ஒப்பல, பதினஞ்சு வருஷ மெயில்ல எங்க அப்பா அனுப்பினதெல்லாம் இருக்கு, அது வந்தது வந்தபடி இருக்கணும்.

அப்போ நாட்மச் டேட்டாபேஸ் போனா என்ன பண்றது? முன்னாடில இருந்தே நாட்மச் டம்ப்னு ஒரு கமாண்ட் இருக்கு, எல்லா டேக்கையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலா கொட்டிடும், மெசேஜ் ஐடி (ஒவ்வொரு மெயிலுக்கும் இருக்கிற தனி அடையாளம்) ஒரு பக்கம் டேக் ஒரு பக்கம், ரீஸ்டோர் போட்டா திரும்ப ஏறிடும். அதை தினமும் கிரான்ல, அதாவது நேரம் குறிச்சு தானா ஓட்டுறதுல, ஓட விட்டிருந்தா இந்த கட்டுரையே இல்ல. இதுக்கு மேல நாட்மச்சோட 0.37 பதிப்புல, அதாவது 2022ல, நாட்மச் கிட்னு ஒண்ணு சேர்த்தாங்க, புது அம்சங்கள்ல எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். டேக் மொத்தத்தையும் ஒரு கிட் ரெப்போல, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறா பதிஞ்சு வைக்கிற இடத்துல, வச்சுக்கும், கமிட் பண்ணலாம், வேற மெஷினுக்கு புஷ் பண்ணலாம், அங்க புல் பண்ணி மெர்ஜ் பண்ணலாம், நேத்து எந்த டேக் எங்க மாறுச்சுன்னு லாக்ல பாக்கலாம். இதுக்கு முன்னாடி அவங்க புராஜெக்டோட பக் டிராக் பண்ண என்எம்பக்னு ஒரு ஸ்க்ரிப்ட் வச்சிருந்தாங்க, அதை வளர்த்து எல்லாருக்கும் ஆகிற மாதிரி பண்ணது தான் இது. இதுல ஒரு பாதுகாப்பு இருக்கு பாருங்க, ஒரே தடவைல பத்துல ஒரு பங்குக்கு மேல மெயில்களோட டேக் மாறப்போகுதுன்னா ஃபோர்ஸ் குடுக்காம செய்ய மாட்டேன்னு நின்னுடும். காலி டேட்டாபேஸ்ல இருந்து கமிட் அடிச்சு நல்லா இருந்த ரெப்போவையும் துடைச்சுடுற ஆபத்து எனக்கு புரியும், அந்த பத்துல ஒண்ணு கணக்கை யோசிச்சு வச்சவங்களுக்கு நன்றி சொல்லணும்.

ரெண்டு மெஷின்ல மெயிலும் டேக்கும் சேர்ந்தே ஒத்துப்போகணும்னா மச்சிங்க்னு தனியா ஒண்ணு இருக்கு, ஜிமெயில் லேபிளோட நாட்மச் டேக் ஒத்துப்போகணும்னா லீயர். இதெல்லாம் நாட்மச்சை சுத்தி வளர்ந்தது.

அடுத்தது க்வெரி, அதாவது தேடுறதுக்கு எழுதுற வரி. ரெண்டுலயும் சாதாரணமா தேடுறது ஒரே மாதிரி தான், ஃப்ரம் போட்டு பேர், சப்ஜெக்ட் போட்டு வார்த்தை, டேட் போட்டு ரெண்டு புள்ளியோட இங்க இருந்து அங்க வரைக்கும், சாய்வு கோட்டுக்குள்ள ரெஜெக்ஸ்ங்கிற எழுத்து வடிவ தேடல். பிரச்சனை வர்றது நீளமா எழுதும்போது. ஸேப்பியனோட சொந்த பார்ஸர், அதாவது க்வெரியை பிரிச்சு புரிஞ்சுக்கிற பகுதி, ரொம்ப தாராளம், அடைப்புக்குறி ஒண்ணு விட்டுப்போனாலும் தப்புன்னு சொல்லாது, தனக்கு புரிஞ்ச மாதிரி எதையாவது தேடி குடுத்துடும். தேடும்போது பரவால்ல, தப்பா வந்தா கண்ணுல படும், ஆனா நாட்மச்ல அதே க்வெரியை வச்சு தானே டேக் போடுறோம், தப்பா புரிஞ்சுக்கிட்டா ஒரே அடியில ஆயிரம் மெயில்ல டேக் மாறிடும். 0.34ல, 2021ல, இதுக்கு தான் எஸ் எக்ஸ்ப்ரெஷன் க்வெரி கொண்டு வந்தாங்க, லிஸ்ப் மாதிரி எல்லாமே அடைப்புக்குறிக்குள்ள எழுதணும், அண்ட் ஆர் நாட் எது எதுக்கு சேரும்ங்கிறதுல சந்தேகமே இருக்காது, தப்பா எழுதினா எரர் வரும். பாக்க அழகா இல்லதான், ஒரு நாள்ல கை பழகிடும். டேக் கமாண்டுக்கும் இதை குடுக்கலாம். எப்பவுமே டேக் போடுறதுக்கு முன்னாடி அதே க்வெரியை கவுன்ட் கமாண்டுல ஒரு தடவை ஓட்டி எண்ணிக்கையை பாத்துட்டு போடுங்க, நான் இப்போ அதை விடறதே இல்ல. ஒரு விஷயம், இது தனியா ஒரு லைப்ரரி வச்சு கம்பைல் பண்ணினா மட்டும் தான் இருக்கும், உங்க லினக்ஸ் டிஸ்ட்ரோ குடுக்கிற பேக்கேஜ்ல இருக்கான்னு கான்ஃபிக்ல பில்ட் வித் பகுதியில பாத்துக்கலாம்.

மியூ இதை வேற மாதிரி சமாளிக்குது. ஃபைண்ட் கமாண்டுல அனலைஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, தேடாம உங்க க்வெரியை அது எப்படி பிரிச்சு புரிஞ்சுக்கிச்சுன்னு மட்டும் காட்டும். தேடுறவங்களுக்கு அது போதும், கத்துக்கவும் ரொம்ப நல்லது, நாட்மச்ல இவ்வளவு சுலபமா இதை பாக்க முடிஞ்சா நல்லாருக்கும்.

திரெட், அதாவது ஒரு மெயிலும் அதுக்கு வந்த பதில்களும் சேர்ந்த சங்கிலி, இந்த விஷயத்துல நாட்மச் ஒரு படி மேல. திரெட் போட்டு நெளிவு அடைப்புக்குள்ள ஒரு க்வெரியே எழுதலாம். இவரும் பேசின, அவரும் பேசின, ஆனா ரெண்டு பேரும் வேற வேற மெயில்ல பேசின திரெட் வேணும்னா ரெண்டு திரெட் க்வெரியை அண்ட் போட்டா வந்துடும். ஆபீஸ்ல யார் எப்போ ஒத்துக்கிட்டாங்கன்னு தேடுறவங்களுக்கு இதோட அருமை தெரியும். மியூல ரிலேட்டட்டையும் சேர்த்து காட்டுங்கிற ஆப்ஷன் இருக்கு, கிடைச்ச மெயிலோட சங்கிலி முழுக்க வரும், முக்கால்வாசி நேரம் அது போதும்.

ஒரே மெயில் ரெண்டு தடவை வர்றது, மெயிலிங் லிஸ்ட் வழியா ஒண்ணு நேரா சிசில ஒண்ணு. நாட்மச் மெசேஜ் ஐடி ஒண்ணா இருந்தா ஒரே மெயிலா எடுத்துக்கும், ஃபைல் ரெண்டு மெயில் ஒண்ணு. மியூ ரெண்டையும் தனித்தனியா வச்சுட்டு காட்டும்போது வேணாம்னா ஒளிச்சுக்கும். எது சரின்னு சொல்ல மாட்டேன், லிஸ்ட்காரங்க அடியில ஒரு வரி சேர்த்து அனுப்புவாங்க, அப்போ ரெண்டு காப்பியும் வேற தானே. 2018ல வந்த 0.26ல இருந்து நாட்மச் எல்லா காப்பியையும் இன்டெக்ஸ் பண்ணுது, அதுக்கு முன்னாடி ஒண்ணை தான் பண்ணும்.

அட்டாச்மென்டுக்குள்ள தேடுறது. 0.38ல, 2023 செப்டம்பர்ல, இந்த இந்த மைம் டைப்ல (ஃபைல் என்ன வகைன்னு சொல்ற குறி) வர்ற அட்டாச்மென்டை டெக்ஸ்டா நினைச்சு இன்டெக்ஸ் பண்ணுன்னு ரெஜெக்ஸ் பட்டியல் குடுக்கிற வசதி வந்துச்சு. பேட்ச் ஃபைல், லாக் ஃபைல் இதெல்லாம் அட்டாச்மென்டா வரும் இல்லையா, இப்போ அதுக்குள்ள இருக்கிற ஃபங்ஷன் பேரை தேடினா மெயில் வருது. பிடிஎஃப்க்கு இது ஆகாது, டெக்ஸ்டா இருக்கிறதை டெக்ஸ்டா படிக்கும், பிடிஎஃப்பை பிரிச்செல்லாம் பாக்காது, அந்த ஆசையில கான்ஃபிக்ல போட்டா குப்பை வார்த்தையா இன்டெக்ஸ் வீங்கும். மியூல எம்பெட்னு ஒரு ஃபீல்ட் ஏற்கனவே இருக்கு, மெயிலுக்குள்ள பொதிஞ்சு வர்ற டெக்ஸ்ட் பகுதியில தேடும். அட்டாச்மென்ட் பேரை, டைப்பை வச்சு தேடுறதுலயும் அதை அப்படியே வெளியில எடுத்து சேமிக்கிறதுலயும் மியூ தான் சுகம், எக்ஸ்ட்ராக்ட்னு ஒரே கமாண்ட், வருமான வரி கணக்குக்கு வருஷம் முழுக்க வந்த பில்லை எல்லாம் அஞ்சு நிமிஷத்துல ஒரு ஃபோல்டர்ல கொட்டினேன்.

தமிழ் மெயில் நிறைய வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு. நாட்மச் வார்த்தையோட வேரை பிடிச்சு தேடுறது ஆங்கிலத்துக்கு மட்டும் தான், தமிழ் வார்த்தையை எழுதினது எழுதினபடி தேடும். நம்ம மொழியில வேற்றுமை உருபு வார்த்தையோடவே ஒட்டிக்கும், வீடுன்னு தேடினா வீட்டுக்கு, வீட்டுல வராது. அதனால வார்த்தையோட மாறாத முன்பகுதியை மட்டும் அடிச்சு பின்னாடி நட்சத்திரம் போடுங்க, வீட்டு நட்சத்திரம்னு போட்டா வீட்டுக்கு, வீட்டுல வரும், ஆனா வீடு, வீட்டை வராது, அதனால வீடு, வீட்டு, வீட்டை மூணையும் ஆர் போட்டு ஒரு க்வெரியா பேர் குடுத்து சேமிச்சு வச்சுக்கிட்டேன். நாட்மச்ல க்வெரிக்கு பேர் வைக்கலாம், அந்த பேரை இன்னொரு க்வெரிக்குள்ள பயன்படுத்தலாம், மியூல புக்மார்க் இருக்கு.

மூணாவதா மெய்ரிக்ஸ்னு பழசு ஒண்ணு இருக்கு, டேக் எல்லாம் கிடையாது, தேடி கிடைச்சதை சிம்லிங்க்கா, அதாவது ஃபைல் இருக்கிற இடத்தை காட்டுற குறுக்குவழியா, ஒரு தனி ஃபோல்டர்ல வச்சுடும், எந்த மெயில் புரோகிராம்லயும் அந்த ஃபோல்டரை திறந்துக்கலாம். எம்பாக்ஸ்ல, அதாவது பல மெயிலை ஒரே ஃபைல்ல வைக்கிற முறையில, பழைய மெயில் வச்சிருந்தா இதுதான் கை குடுக்கும், நாட்மச்சும் மியூவும் ஒரு மெயில் ஒரு ஃபைல்ங்கிற முறையில தான் நிக்குது.

ஃபோல்டர் வச்சு மெயிலை இங்க இருந்து அங்க நகர்த்தி, வேணாததை அழிச்சு, ஈமேக்ஸ்லயே வாழ்றவங்க மியூ ஃபோர் ஈ எடுங்க, யோசிக்கவே வேணாம். மார்க் பண்ணி எக்ஸ் அடிச்சா வேலை முடிஞ்சுது, நாட்மச் மெயிலை அழிக்கவே அழிக்காது, டெலீட்டட்னு டேக் போட்டு தேடல்ல இருந்து மறைக்கும், நிஜமா அழிக்க நாமளே ஃபைல் பட்டியலை எடுத்து ஆர்எம்ங்கிற ஃபைல் அழிக்கிற கமாண்டுக்கு குடுக்கணும். ஈமேக்ஸ் வேணாம், நியோமட், ஏர்க், அலாட்னு டெர்மினல்ல ஓடுற மெயில் புரோகிராம் ஏதாவது ஒண்ணு, ஃபோல்டரே வேணாம் எல்லாம் டேக் தான்னு இருக்கிறவங்களுக்கு நாட்மச்.

நான் நாட்மச்சுக்கே திரும்பிட்டேன், பில் எடுக்க மட்டும் மியூ கூடவே இருக்கு, ரெண்டும் ஒரே மெயில்டிரை படிக்கிறதுல ஒண்ணுக்கொண்ணு இடைஞ்சல் இல்ல. நாலு வருஷ டேக்ல பாதியை அனுப்பினவர் பேர் வச்சும் லிஸ்ட் ஐடி ஹெடர் வச்சும் திரும்ப போட்டுட்டேன், 0.29ல இருந்து நமக்கு வேணுங்கிற ஹெடரையும் இன்டெக்ஸ் பண்ண சொல்லலாம்ங்கிறதால அது முடிஞ்சுது. மீதி, கையால படிச்சு படிச்சு போட்டது, ஞாயித்துக்கிழமைக்கு ஐம்பதுன்னு போட்டுக்கிட்டு வரேன், ராத்திரி பதினோரு மணிக்கு நாட்மச் கிட் கமிட் கிரான்ல ஓடுது.