நாயின் நகத்துக்கு வெட்டியா, கிரைண்டரா?

உப்புவெளிக் கடற்கரை மணலில் நாள் முழுக்க ஓடினாலும் நாயின் நகம் பெரிதாகத் தேயாது. தார் ரோட்டில் நடந்தால் ஓரளவு தேயும். ஆனால் முன்காலின் உட்பக்கத்தில் உயரமாக இருக்கும் கட்டைவிரல் நகம் நடக்கும்போது நிலத்தில் படுவதில்லை. வெட்டாமல் விட்டால் சுருண்டு சதைக்குள் இறங்கிவிடலாம். அதை முதலில் பாருங்கள்.

நகவெட்டி விலை குறைவு, சத்தமில்லை, வேலையும் சட்டென்று முடியும். பயம் நகத்துக்குள் ஓடும் இரத்தக்குழாய்தான். வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும்; அதற்கு 2 மில்லிமீற்றர் முன்னாலேயே வெட்டுங்கள். கறுப்பு நகத்தில் 1 மில்லிமீற்றராகச் சீவி, ஒவ்வொரு தடவையும் வெட்டுமுகத்தைப் பாருங்கள். முதலில் வெளிறி, காய்ந்து, பொடியாக இருக்கும். நடுவில் ஈரமாக மினுங்கும் கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்துங்கள். மழுங்கிய வெட்டி நகத்தை நசுக்கிப் பிளக்கும். கடற்காற்றில் அலகு துருப்பிடிக்கும் என்பதால் எண்ணெய் பூசி வையுங்கள்.

கிரைண்டர் என்பது சுழலும் உருளையால் நகத்தைத் தேய்க்கும் சிறு மின்கருவி. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ப்பதால் குழாயில் படுவது குறைவு, விளிம்பும் வழவழப்பாகும். ஆனால் ஒரே இடத்தில் 2 செக்கனுக்கு மேல் வைத்தால் சுடும். நீள முடி உருளையில் சுற்றும். சத்தத்துக்குப் பழக்கவே ஒரு கிழமை ஆகலாம்: முள் நீக்கிய அவித்த மீனைக் கொடுத்தபடி, முதலில் கிரைண்டரைத் தூரத்தில் ஓடவிடுங்கள்.

கறுப்பு நகமென்றால் நுனியை வெட்டியால் எடுத்து, மீதியைக் கிரைண்டரால் தேய்ப்பதே நல்லது.

இரத்தம் வந்தால் சோளமாவை வைத்து 3 நிமிடம் அழுத்துங்கள். இடையில் துடைக்க வேண்டாம், உறைந்தது கழன்றுவிடும்.