வகுப்பறைச் சுவருக்குச் சிப்பிப் படம்: லிஸ்டரா, ரீவா?

கடல் பார்க்காத பிள்ளைகளுக்குப் பழைய சிப்பிப் படங்களை மாட்ட விரும்பும் ஹட்டன், நுவரெலியா ஆசிரியர்களுக்கு இந்த ஒப்பீடு. லிஸ்டர் என்பது ஆங்கிலேயர் மார்ட்டின் லிஸ்டரின் சிப்பிப் படநூல், ரீவ் என்பது ஆங்கிலேயர் லோவெல் ரீவின் சிப்பிப் படநூல்; கீழே அடைப்புக்குறியில் இருப்பவை அவை வெளிவந்த ஆண்டுகள். இரண்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

வேலைப்பாடு
லிஸ்டர் (1685–1692): செப்புத்தகட்டுச் செதுக்கல். வரைந்து செதுக்கியவர்கள் அவருடைய மகள்மார் சுசன்னாவும் அன்னாவும். இந்தப் பெயர்களைப் படத்தின் கீழே கட்டாயம் எழுதுங்கள்.
ரீவ் (1843–1878): கல்லச்சு, கையால் தீட்டிய நிறம், 20 தொகுதிகள்.

செலவு
லிஸ்டர்: வெறும் கோடுகள், போட்டோகொப்பியே போதும்.
ரீவ்: கலர் பிரின்ட் வேண்டும்.

ஈரம்
நுவரெலியாப் பனிமூட்டத்தில் இன்க்ஜெட் மை கசியும். எதுவானாலும் லேசரில் எடுங்கள்.

சுருள்
தகட்டிலும் கல்லிலும் வரைந்தது தாளில் இடவலம் மாறி விழும். ஓவியர் முன்கூட்டியே திருப்பி வரையாவிட்டால் சாதாரணச் சங்கு வலம்புரியாகிவிடும்! டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1650இல் செதுக்கிய கூம்புச் சிப்பி அப்படித்தான் மாறிச் சுருண்டிருக்கிறது. கையெழுத்து மட்டும் நேராக நிற்கிறது. ஆகவே எந்தப் படத்தையும் வீட்டுச் சங்கோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள்.

சித்திரப் பாடத்துக்கு லிஸ்டர். பென்சிலால் பார்த்து வரைய அந்தக் கோடுகளுக்கு ஈடில்லை. இனங்களை நிறத்தோடு அடையாளம் காட்ட ரீவ். ஒன்றுதான் முடியுமென்றால் நான் லிஸ்டரையே மாட்டுவேன்.