செயின் உரசுகிறது என்று போனால் பாதி வண்டியை மாற்றிவிடுவார்கள்

மண்டபம், பாம்பன், உச்சிப்புளி பக்கம் கியர் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முன் கியரில் செயின் உரசுகிற சின்னக் கோளாறுக்கு ராமநாதபுரத்தில் ஒரு கடையில் என்னிடம் 2,850 ரூபாய் கறந்தார்கள். கோளாறும் தீரவில்லை. கடைப் பெயர் வேண்டாம். வித்தை என்ன என்று தெரிந்துகொண்டால் எந்தக் கடையிலும் நீங்களே பிடித்துவிடலாம்.

என்னுடையது முன்னால் மூன்று, பின்னால் ஏழு பல்சக்கரம் உள்ள சாதாரண வண்டி. முன்னால் சின்னச் சக்கரத்துக்கு இறக்கி, பின்னால் பெரியதைப் போட்டால், செயினைத் தள்ளிவிடுகிற டீரெய்லர் கூட்டின் உள்பக்கத் தகட்டில் செயின் உரசி, கரகரவென்று விடாமல் சத்தம். பாம்பன் பாலத்து ஏற்றத்தில் கச்சான் காற்று பிடித்துத் தள்ளும்போது அந்தக் கியர் இல்லாமல் மிதிக்க முடியாது. அதனால்தான் கடைக்கே போனேன்.

கடைக்காரத் தம்பி வண்டியை ஸ்டாண்டில் மாட்டினார். முன்னால் ஆகச் சின்னது, பின்னாலும் ஆகச் சின்னது என்று போட்டு பெடலைச் சுற்றினார். நன்றாகவே உரசியது. “பாத்தீங்களாண்ணே, செயின் நீண்டு போச்சு. ஃப்ரீவீல் பல்லும் போச்சு. ரெண்டையும் மாத்தலைன்னா நடுவழியில அறுந்துரும்.” ஃப்ரீவீல் என்றால் பின்னால் இருக்கிற பல்சக்கரத் தொகுதி.

நான் சொன்ன உரசல் ஒன்று, அவர் காட்டிய உரசல் வேறு. சின்னதும் சின்னதும் போட்டால் செயின் கோணலாக ஓடும், வெளித் தகட்டில் உரசும். நேற்று வாங்கிய புது வண்டியிலும் அப்படி உரசலாம். பெரியதும் பெரியதும் போட்டாலும் அதே கதைதான். அந்த இரண்டு கியர்களும் ஓட்டுவதற்கே ஆனவை அல்ல. ஆனால் கண்ணெதிரே சத்தம் கேட்கும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்? இரண்டையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் வண்டியை எடுத்தேன். உரசல் இல்லை. ஆனால் முன்னால் பெரிய சக்கரத்துக்கு செயின் ஏறவே இல்லை. கேட்டதற்கு, “பெரிய சக்கரத்தையெல்லாம் இந்தக் காத்துல யாருண்ணே போடுறா?” என்றார். உரசலை நிறுத்த அவர் செய்தது இவ்வளவுதான்: கியர் கேபிளைத் தளர்த்திவிட்டார். கேபிள் தொங்கினால் கூடு உள்பக்கமாகச் சாய்ந்துகொள்ளும், உரசல் நிற்கும். ஆனால் பெரிய சக்கரம் வரை தள்ளுவதற்குக் கேபிளில் இழுவை மிஞ்சாது. அதாவது மூன்று கியருக்குக் காசு கொடுத்து வாங்கிய வண்டியை இரண்டு கியர் வண்டியாக்கிக் கொடுத்திருக்கிறார்.

விடாமல் கேட்டதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேபிளை இறுக்கினார். டீரெய்லரின் மேலே H என்று போட்டிருக்கும் திருகைக் கண்டபடி தளர்த்தினார். அந்தத் திருகுதான் கூடு வெளிப்பக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்று எல்லை கட்டுகிறது. எல்லை போய்விட்டதா, உச்சிப்புளி தாண்டிப் பெரிய சக்கரத்துக்கு மாற்றியதும் செயின் அதையும் தாண்டி வெளியே விழுந்து, பெடலைத் தாங்குகிற கிராங்குக்கு இடையில் மாட்டிக்கொண்டது. பெடல் கல் மாதிரி நின்றது, நான் தார் ரோட்டில். பின்னால் வந்த மீன் வண்டிக்காரர் சட்டென்று ஒதுக்கி ஓட்டியதால் முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. இவ்வளவுக்கும் சின்னச் சக்கரத்தில் பழைய கரகரப்பு திரும்ப வந்துவிட்டது.

அப்புறம் கடைக்குப் போய்ப் பழைய செயினைக் கொடுங்கள் என்றேன். “அது எதுக்குண்ணே, குப்பை” என்று இழுத்தார், பிறகு கொடுத்தார். வீட்டில் தரையில் நேராக இழுத்துப் பிடித்து டேப்பை வைத்தேன். செயினில் ஒரு ஆணியின் நடுவில் டேப்பைத் தொடங்கி, அதை விட்டு அடுத்த ஆணியிலிருந்து எண்ணினால் 24-வது ஆணி சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளி வந்தால் மாற்றுகிற காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். எட்டில் ஒரு பங்கு என்றால் பல்சக்கரமும் சேர்ந்து போயிருக்கும். என் செயினில் ஆணி 12-ஐத் தாண்டவே இல்லை. செயின் வண்டியில் இருக்கும்போதே இப்படி அளக்கலாம், கழற்ற வேண்டியதில்லை.

உண்மையான கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கவும் பெரிய வித்தை தேவையில்லை. டீரெய்லரில் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்திக் கேபிளை விடுவித்தேன். கூடு ஸ்பிரிங் இழுப்பில் தானாக உள்ளே போனது, உரசல் போயே போச்சு. அப்படியென்றால் செயினில் தப்பில்லை, கேபிள்தான் ஓடாமல் பிடித்துக்கொள்கிறது. உருவிப் பார்த்தால் கம்பி நெடுக செந்துரு. பெடல் அச்சுக்கு அடியில் கேபிள் வளைந்து போகிற பிளாஸ்டிக் துண்டில் ஈர மணல் அப்பியிருந்தது. அரிச்சல்முனை ரோட்டுக்கு அடிக்கடி போகிற வண்டியில் வேறென்ன இருக்கும்? இரண்டு பக்கமும் கடல், காற்றடித்தால் மணல் ரோட்டிலேயே ஓடும். நம் ஊர்ப்பக்கம் முன் கியர் உரசினால் முதல் சந்தேகம் கேபிள் மேலும் அதன் உறை மேலும்தான் வர வேண்டும்.

புதுக் கம்பியும் உறையும் 200 ரூபாய்க்குள் முடிந்தது. மாட்டும்போது கூட்டையும் சரிபார்த்தேன். வெளித் தகடு பெரிய சக்கரத்துப் பல்லுக்கு மேலே 1 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளியில், சக்கரத்துக்கு இணையாக நிற்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தை நுழைத்துப் பார்த்தால் போதும். கேபிள் இல்லாமல் முன்னால் சின்னது, பின்னால் பெரியது போட்டு, உள் தகடு செயினைத் தொட்டும் தொடாமலும், அரை மில்லிமீட்டர் அளவில் நிற்கும்படி, உள்பக்க எல்லையைக் கட்டுகிற L திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பினேன். பிறகு கேபிளைக் கையால் இழுத்து மாட்டி, முன்னால் பெரியது, பின்னால் சின்னது போட்டு, வெளித் தகட்டுக்கு அதே அரை மில்லிமீட்டர், இந்த முறை H திருகில். நடுச் சக்கரத்தில் மிச்சமிருந்த லேசான உரசலுக்குக் கைப்பிடியில் கேபிள் தொடங்கும் இடத்தில் கேபிளை இறுக்கித் தளர்த்துகிற உருளைத் திருகு போதுமானதாக இருந்தது. ஸ்டார் திருப்புளியும் ஆலன் கீயும் தவிர ஒன்றும் தேவைப்படவில்லை.

கடையில்தான் கொடுப்பேன் என்றால் தாராளமாகக் கொடுங்கள், நல்ல மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஆனால் எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன்பு டேப் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். பழைய பாகத்தைக் கையோடு வாங்குங்கள். காசு கொடுக்கும் முன் முன்னால் இருக்கிற எல்லாச் சக்கரத்துக்கும் ஏற்றி இறக்கிப் பாருங்கள், அதுவும் ஸ்டாண்டில் வேண்டாம், ரோட்டில் மிதித்துப் பாருங்கள். எனக்குக் கொடுத்தது கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு. பெயரும் தேதியும் உள்ள பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

அந்தத் தம்பியிடம் செயினையும் டேப்பையும் கொண்டுபோய்க் காட்டினேன். “ஒங்க டேப்பு சரியில்லண்ணே” என்றார்.